கடைசி வண்டிக்காரர் எழுதிய மூன்று வரி



இந்த மாதம் கொஞ்சம் மாறுதலாக, காட்டுப் பாதைகளில் நான்கு சக்கர இயக்க வண்டி ஓட்டும் ஒரு சங்கத்தைப் பற்றி எழுதப் போகிறேன். “பள்ளிக்கூட டீச்சருக்கும் காட்டு வண்டிக்கும் என்ன சம்பந்தம்?” என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. அதில் நான் செய்த தவறும் ஒன்று இருக்கிறது. சங்கம், சபை, கோயில் கமிட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று ஏதாவது ஒன்றில் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். ஆகவே இது உங்களுக்கும் உதவும் என்று நினைத்துத்தான், வெட்கத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன்.

துரையின் லேண்ட் ரோவர்

நான் பிறந்து வளர்ந்தது பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு அதில் ஒரு பகுதி வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. என் சிறு வயதில் அங்கே துரைக்கு ஒரு லேண்ட் ரோவர் இருந்தது. அதைத் தினமும் மாலையில் கழுவித் துடைத்து வைப்பது என் அப்பாவின் வேலைகளில் ஒன்று. கழுவுவதுதான் அவர் வேலை, ஓட்டுவது அல்ல.

லேண்ட் ரோவர் என்ற வண்டியை முதன்முதலில் உலகுக்குக் காட்டியது 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில். அதே ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்த அந்த நாட்களிலும் அதற்குப் பிறகும், சேற்றிலும் மேட்டிலும் ஏறிப் போகும் வண்டி என்றால் தோட்டத்து மக்களுக்குத் துரையின் நினைவும் அதிகாரத்தின் நினைவும்தான் வரும். தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டால் தண்டல் சுருட்டை எறிந்துவிட்டு நிமிர்ந்து நிற்பார் என்று பாட்டி சொல்லுவார்.

ஒரு நாள் அப்பா துரையிடம், “பிரேக் பிடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்குதுங்க ஐயா. பட்டறைக்காரரிடம் காட்டினா நல்லது” என்று சொல்லியிருக்கிறார். கழுவும்போது வண்டியை நகர்த்தியதில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. “கழுவுற வேலையை மட்டும் பார்” என்று பதில் வந்தது. இரண்டு வாரம் கழித்து, மழை நாளில், ஸ்டோர் இறக்கத்தில் வண்டி சாக்கடையில் இறங்கிவிட்டது. நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை. அப்பா அன்று இரவு சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

இந்தக் கதையை நான் என் மாணவர்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். “கீழே இருக்கிறவன் சொல்வதையும் கேட்க வேண்டும்” என்று முடிப்பேன். சொல்வது எளிது அல்லவா?

பேரன்கள் தொடங்கிய சங்கம்

காலம் மாறிவிட்டது. துரையின் வண்டியைப் பார்த்து ஒதுங்கி நின்றவர்களின் பேரன்கள் இன்று ஈப்போவில் பட்டறை வைத்திருக்கிறார்கள், தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறார்கள், லோரி ஓட்டுகிறார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் பழைய ஹைலக்ஸ், பழைய பஜேரோ, குட்டி சுசூக்கி என்று வாங்கி, தாமே பழுது பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப் பாதைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு கூட்டம் எங்கள் பக்கத்திலும் சேர்ந்தது. செயலாளர் என் பழைய மாணவன். “டீச்சர், நீங்க கணக்காய்வாளரா இருந்தா எல்லாரும் நம்புவாங்க” என்று வந்து நின்றான். ஒப்புக்கொண்டேன்.

இதில் என்ன இருக்கிறது, பெட்ரோலுக்குப் பிடித்த கேடு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்தில் மூழ்கியபோது, சாதாரணக் காரும் லோரியும் போக முடியாத இடங்களுக்கு அரிசியும் குடிநீரும் கொண்டு போனவர்களில், நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் கிளம்பிய இத்தகைய வண்டிக்காரர்களும் இருந்தார்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா குடியிருப்பு வெள்ளத்தில் தத்தளித்தபோதும் பொதுமக்கள் தங்கள் வண்டியையும் படகையும் கொண்டு போய் உதவினார்கள். ஆக, விளையாட்டாகக் கற்ற வித்தை ஆபத்துக்கு உதவுகிறது.

வித்தை என்று தெரிந்துதான் சொல்கிறேன். மழையில் நனைந்த செம்மண்ணில் வண்டி ஓட்டுவது தார்ச்சாலையில் ஓட்டுவது போல் அல்ல. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அது அகலமாகப் பதிந்து பிடிப்புக் கிடைக்கும். வேகமாகச் சுழற்றினால் சக்கரம் குழியைத் தோண்டித் தன்னையே புதைத்துக்கொள்ளும். தாழ்ந்த கியரில் பொறுமையாக ஏற வேண்டும். ஆற்றைக் கடக்கும் முன் ஒருவர் கம்பு ஊன்றி நடந்து ஆழம் பார்க்க வேண்டும். இவ்வளவும் தெரிந்தாலும் என்றைக்காவது சிக்கிக்கொள்ளத்தான் வேண்டும். அப்போது எல்லாரும் இறங்கி, கயிறு கட்டி, மரத்தடி வைத்து, தோள் கொடுத்து இழுக்க வேண்டும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அதேதான். முதல் தடவை நான் பார்த்தபோது எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாதான் நினைவுக்கு வந்தது.

31 தாள்கள்

போன ஆண்டு மே மாதம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். கூட்டத்தில் பேசுகிறவர்கள் எப்போதும் பேசுகிற நாலைந்து பேர்தான். மற்றவர்கள் மீ கோரேங்கைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே நான் ஒரு யோசனை சொன்னேன். “ஆளுக்கு ஒரு தாள் கொடுப்போம். சங்கம் எப்படி நடக்கிறது, என்ன குறை, என்ன செய்யலாம் என்று எழுதட்டும். பெயர் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.” செயலவை ஒப்புக்கொண்டது. 31 தாள்கள் வந்தன. படித்து, தொகுத்துக் கொடுக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன்.

அந்தத் தாள்களில் இருந்தவற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எந்தச் சங்கத்துக்கும் பொருந்தும்.

முன்னால் போகிறவர்கள் பின்னால் வருகிறவர்களுக்குக் காத்திருப்பதில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். பெரிய டயர் போட்டவர்கள், சின்ன வண்டிக்காரர்களைக் கிண்டல் செய்கிறார்கள் என்று ஒரு தாள். ஆண்டுச் சந்தா 60 வெள்ளிக்கு ரசீது வரவில்லை என்று ஒரு தாள். மனைவி மக்களையும் அழைத்துப் போகும்படி சுலபமான பாதையில் ஒரு பயணம் வேண்டும் என்று ஒருவர். இரவில் முகாம் போடும் இடத்தில் மது வேண்டாம் என்று ஒருவர். அதைக் கேட்க நீங்கள் யார் என்று இன்னொருவர். மாதம் இரண்டு பயணம் வேண்டும் என்று ஒருவர். ஒன்றே அதிகம், வீட்டில் சண்டை வருகிறது என்று வேறொருவர்.

ஒரு தாள் என்னை உட்கார வைத்துவிட்டது. லாசாவுக்கு அப்பால் உள்ளே இருக்கும் ஓராங் அஸ்லி கிராமம் ஒன்றின் வழியாகப் போனபோது, தெமியார் மக்கள் மலை ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டு வரப் போட்டிருந்த கறுப்புக் குழாயின் மேல் நம் வண்டி ஏறி உடைந்துவிட்டது என்றும், யாரும் நின்று பார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தார் ஒருவர். “லயத்துல தண்ணி இல்லாம நம்ம அம்மா பட்ட கஷ்டம் நமக்கு மறந்து போச்சா?” என்று கேட்டிருந்தார். இதைத் தனியாக எடுத்துத் தலைவரிடம் கொடுத்தேன். அடுத்த வாரமே புதுக் குழாயோடு நாலு பேர் போய்ச் சரிசெய்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. என் யோசனை பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

மீதித் தாள்களை ‘சந்தா’, ‘பயணம்’, ‘சாப்பாடு’, ‘பொருள்கள்’, ‘மற்றவை’ என்று பிரித்தேன். எத்தனை பேர் எதை எழுதினார்கள் என்று எண்ணினேன். அதிகம் பேர் எழுதியதை மேலே போட்டேன். ஒரே ஒருவர் எழுதியதைக் கீழே போட்டேன். செயலவை மேலே இருந்ததைப் பேசியது. டீ-சட்டையின் நிறத்தை மட்டும் ஒரு மணி நேரம் பேசினார்கள். கீழே இருந்ததைப் பேச நேரமில்லை. கோப்பு அலமாரிக்குப் போய்விட்டது.

அக்டோபர் மழையில்

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. 11 வண்டிகள். வன இலாகாவிடம் முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு போனார்கள். நிரந்தர வனப் பகுதிக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் இருக்கிறது. நான் போகவில்லை. நடந்ததைப் பலர் சொல்லக் கேட்டு எழுதுகிறேன்.

திரும்பும் வழியில் நல்ல மழை. பத்தாவது வண்டி ஓர் ஏற்றத்தில் செம்மண் சேற்றில் புதைந்துவிட்டது. ஒன்பதாவது வண்டியை முன்னால் நிறுத்தி, கயிறு கட்டி இழுக்க முடிவு செய்தார்கள். பக்கத்தில் கயிறு இருந்தது கடைசி வண்டியின் பெட்டியில்தான். அந்த வண்டி வளைவுக்கு அப்பால் நின்றது. ஒரு பையன் ஓடிப் போய்க் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தான்.

கடைசி வண்டியை ஓட்டுகிறவர் அறுபதை நெருங்கியவர். பல ஆண்டுகள் மரம் ஏற்றும் லோரி ஓட்டியவர். பழைய லேண்ட் ரோவர் ஒன்றை வைத்திருக்கிறார். பேசுவது குறைவு. பாதை தெரிந்தவர் என்பதால் எப்போதும் கடைசியில் வரும்படி அவரிடம் சொல்லியிருந்தார்கள். “பாத்துப்பா, கொக்கி சரியில்ல” என்று அவர் பையனிடம் சொல்லியிருக்கிறார். மழைச் சத்தத்தில் அது அவன் காதில் விழவில்லை.

நம் பையன்கள் குருவி அடிக்கும் ரப்பர் கவணைப் பார்த்திருப்பீர்கள். இழுபடும் கயிறும் அப்படித்தான். இழுக்க இழுக்க விசையைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு முனை விட்டுப் போனால் அவ்வளவு விசையோடும் மறு முனையை நோக்கிப் பாயும். அன்று ஒன்பதாவது வண்டியில் மாட்டிய கொக்கியின் தேய்ந்த வாய் விரிந்து கழன்றது. கொக்கியோடு கயிறு பின்னால் பறந்து, புதைந்து கிடந்த வண்டியின் முன்கண்ணாடியைப் பிய்த்தது. உள்ளே அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவன். இப்போது நாலாம் படிவம். நெற்றியில் 7 தையல். காயத்துக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான் இடைவெளி.

செய்தி கேட்டு மருத்துவமனைக்கு ஓடினேன். பையனின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாழ்வாரத்தின் கோடியில் அந்தக் கடைசி வண்டிக்காரர் சேறு காயாத சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அருகில் வந்தார்.

“மே மாசமே எழுதிக் குடுத்தேனே டீச்சரம்மா. என் எழுத்து உங்களுக்குப் புரியலையோன்னு நெனச்சேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. தம்முடைய எழுத்தில்தான் குறை என்பதுபோல் சொன்னார். எனக்கு நினைவே வரவில்லை. வீட்டுக்குப் போய் நள்ளிரவில் கோப்பைத் திறந்தேன். ‘பொருள்கள்’ பிரிவில், கடைசியிலிருந்து இரண்டாவது தாள். மூன்றே வரி.

“கடசி வண்டி பொட்டியில இருக்க கயிறு பழசு. கொக்கி வாயி தேஞ்சி போச்சி. பாத்து மாத்தனும்.”

எழுத்து மிகத் தெளிவாகத்தான் இருந்தது. ‘கடசி’ என்பதில் ஒரு சிவப்பு வட்டம். ‘தேஞ்சி’ என்பதில் ஒரு வட்டம். ‘மாத்தனும்’ என்பதில் ஒரு வட்டம். இருபது ஆண்டுப் பழக்கம், வாசகர்களே! சிவப்புப் பேனாவை எடுத்துப் பிழை திருத்தியிருக்கிறேன். பிழையைப் படித்தேன், சொன்ன சேதியைப் படிக்கவில்லை.

அப்பாவின் நினைவு வந்தது. துரை வாயால் சொன்னார். நான் சிவப்பு மையால் சொன்னேன். அன்று சாக்கடையில் இறங்கியது வெறும் வண்டி. இன்று நெற்றியில் தையலோடு படுத்திருந்தது ஒரு பிள்ளை.

முன்னால் இருப்பவர் கண்ணில் படாதது

அதன் பிறகு நான் நிறைய யோசித்தேன். வரிசையில் முதலில் போகிற வண்டிக்காரருக்குப் பாதை தெரியும். ஆனால் பின்னால் எது கழன்று விழுந்தது, யார் பின்தங்கினார், எந்தப் பாலத்துப் பலகை இவர்கள் ஏறியதும் ஆடத் தொடங்கியது என்பதெல்லாம் கடைசியில் வருகிறவருக்குத்தான் தெரியும். சங்கத்திலும் அப்படியே. தலைவருக்குத் தெரியாத சங்கதி கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினருக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்காவிட்டால், அல்லது திறந்தும் நாம் கேட்காவிட்டால், தட்டிக் கேட்க ஆளில்லாத தம்பி சண்டப்பிரசண்டன் கதைதான்.

உலகத்திலேயே பேர்பெற்ற காட்டுப் பாதைப் பயணமாக இருந்தது ‘கேமல் டிராபி’. 1980-இல் அமேசான் காட்டில் தொடங்கி, 2000-இல் நின்று போனது. 1993-ஆம் ஆண்டுப் பயணம் நம் சபாவில்தான் நடந்தது. பல நாட்டு அணிகள் மழைக்காட்டுச் சேற்றில் வண்டிகளை இழுத்துக்கொண்டு போயின. மாலியாவ் பள்ளத்தாக்கில் அவர்கள் கட்டிய முகாம் வீடு இன்றும் அந்தப் பெயராலேயே அறியப்படுகிறது. அந்தப் போட்டியில் முதல் பரிசைத் தவிர ‘கூட்டு மனப்பான்மை’க்கும் ஒரு விருது உண்டு. அதற்கு உரியவரை நடுவர் தேர்ந்தெடுப்பதில்லை. கூடவே சேற்றில் நின்ற மற்ற அணிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும். முதல் பரிசைவிட அதையே பெருமையாக நினைத்தவர்கள் பலர். யார் உதவினார், யார் நழுவினார் என்பது பக்கத்தில் நின்றவருக்குத்தானே தெரியும்?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால்மரம் வெட்டுகிறவர்களிடம் மாதம் 10 வெள்ளியாகக் கேட்டுச் சேர்த்து, 100 வெள்ளிப் பங்கு கொடுத்தார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். கூட்டுறவின் அடிப்படை என்ன? ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். கூலி என்று ஒதுக்கப்பட்டவரும் உறுப்பினர் என்ற முறையில் எழுந்து நின்று, “என் 10 வெள்ளி எங்கே போனது?” என்று கேட்கலாம். கேள்வி கேட்கும் உரிமை அப்படித்தான் நம் மக்கள் கைக்கு வந்தது. நம் பெரியவர்கள் அரும்பாடுபட்டுச் சேர்த்த அந்த உரிமையை, டீ-சட்டையின் நிறம் பேசி நாம் வீணடிக்கலாமா?

கேட்டால் மட்டும் போதாது

அந்த மாதமே சிறப்புக் கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து, சிவப்பு வட்டங்களோடு கூடிய அந்தத் தாளைப் படித்தேன். என் தவறு என்று சொன்னேன். மண்டபம் அமைதியாக இருந்தது. தலைவர், “டீச்சர் மட்டும் இல்ல, நாங்களும் அதை எடுத்துப் பார்க்கல” என்றார். கடைசி வண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். புகழ்ந்தாலும் அவருக்குக் கூச்சம்தான். அன்று நாங்கள் செய்த ஏற்பாடுகளை இங்கே சொல்கிறேன். உங்கள் சங்கத்துக்கும் பயன்படலாம்.

முதலாவது, வருகிற கருத்தை எண்ணிக்கையால் மட்டும் அளப்பதில்லை. உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து என்று ஒரே ஒருவர் எழுதினாலும் அது முதல் பக்கத்துக்கு வரும். அதைத் தீர்க்கும்வரை பயணம் இல்லை.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம். அதில் நான்கு கட்டம்: சொன்னது என்ன, முடிவு என்ன, யார் செய்வது, எந்தத் தேதிக்குள். ஒவ்வொரு கூட்டத்திலும் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள். முடியாது என்றாலும் காரணத்தோடு எழுத வேண்டும். மாதம் இரண்டு பயணம் கேட்டவருக்கு, “முடியாது; பாதிப் பேருக்கு ஞாயிறு வேலை இருக்கிறது” என்று பதில் எழுதினார்கள். அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனால் சங்கத்தை விட்டுப் போகவில்லை. பதிலே வராதவர்தான் பேசாமல் விலகிப் போகிறார்.

மூன்றாவது, எழுதத் தயங்குகிறவர்களிடம் ஒருவர் போய்ப் பேசிக் குறித்துக்கொண்டு வருகிறார். கைப்பேசிக் குழுவில் எல்லாரும் பேசலாம் என்கிறார்கள். அங்கும் சத்தம் போடுகிறவர் குரல்தான் மேலே நிற்கிறது. மூத்தவர் ஒருவர் கோப்பிக் கடையில் சொல்வது அங்கே வராது.

நான்காவது, வரிசையில் போகும்போது ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. கண்ணாடியில் அது தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டும். அப்படி நின்றால் முன்னால் போகிறவரும் தானாகவே நிற்க வேண்டி வரும். பெரிய டயர், சின்ன டயர் பேச்சு இதனாலேயே பாதி குறைந்துவிட்டது.

ஐந்தாவது, தேய்ந்த கொக்கிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, எடை தாங்கும் அளவு பொறித்த இரும்பு வளையங்களை வாங்கினார்கள். இழுக்கும்போது கயிற்றின் மேல் நனைத்த கோணிச் சாக்கைப் போடுகிறார்கள். கயிறு அறுந்தாலும் பறக்கும் வேகத்தை அது குறைக்கும். கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரைப் பங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. ஓட்டுகிறவர்களைத் தவிர வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. புறப்படும் முன் பொருள்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர், கடைசி வண்டிக்காரர். அவர் கையெழுத்து இல்லாமல் தலைவரின் வண்டியும் நகராது.

கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தாவுக்கு இப்போது உடனே ரசீது. நம் நாட்டில் 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி பதிவான சங்கம், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் தன் ஆண்டறிக்கையையும் கணக்கையும் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். விளையாட்டுச் சங்கங்களுக்கு 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டமும் விளையாட்டு ஆணையரும் இருக்கிறார்கள். பதிவிலாகா கேட்பது தாளை. உறுப்பினர் கேட்பது பதிலை. இரண்டையும் கொடுக்கிற சங்கம்தான் நிலைக்கும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

கணவர்மாரே, தாய்மாரே! அடுத்த தடவை கோயில் கூட்டத்துக்கோ பள்ளிக் கூட்டத்துக்கோ போகும்போது, “நமக்கு ஏன் வம்பு” என்று சும்மா திரும்பி வந்துவிடாதீர்கள். திருவிழாப் பந்தலில் மின்கம்பி தொங்குவதை முதலில் பார்ப்பது பந்தலுக்குக் கீழே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தாய்தான். பள்ளிப் பேருந்தின் கதவு சரியாக மூடுவதில்லை என்று தெரிவது அதில் போகும் பிள்ளைக்குத்தான். சொல்லுங்கள். எழுத்துப் பிழை வந்தாலும் எழுதுங்கள். ஒரு தடவை பதில் வராவிட்டால் மறு தடவையும் கேளுங்கள்.

பொறுப்பில் இருக்கும் அன்பர்களே! கருத்துக் கேட்டு வாங்கி அலமாரியில் வைப்பதைவிடக் கேட்காமலே இருப்பது மேல். கேட்காதபோது, “இவர்கள் கேட்கவில்லையே” என்று அவர் வேறு யாரிடமாவது சொல்லியிருப்பார். நாம் கேட்டதால், சொல்லிவிட்டோம், பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிக்கொண்டு இருந்துவிட்டார்.

அந்தப் பையன் நலமாக இருக்கிறான். தழும்பு மட்டும் புருவத்துக்கு மேலே கொஞ்சம் வெள்ளையாகத் தெரிகிறது. போன வாரம் பள்ளி வாசலில் என்னைப் பார்த்து, “டீச்சர், நானும் கருத்துத் தாள் எழுதலாமா?” என்று கேட்டான். “எழுதப்பா” என்றேன். “பிழை இருந்தா?” என்றான்.

“இருக்கட்டும். முதலில் நீ சொல்வதைப் படிக்கிறேன். பிழையைப் பிறகு பார்க்கலாம்” என்றேன்.

இப்போது என் மேசையில் அந்த மூன்று வரித் தாள் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. மாணவர்களின் கட்டுரைப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, முதலில் ஒரு தடவை முழுதாகப் படிக்கிறேன்.

உங்கள் ஊர்ச் சங்கத்தில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். கட்டாயம் படிப்பேன்; பதிலும் எழுதுவேன். அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.